நகரம் களவுபோன வழக்கு

ஆங்கில மொழியில் நகரம் ஒன்று களவு போயிருக்கிறது. தெருவும் சாக்கடையும் உள்ள நகரம் அல்ல, எழுத்தாகிய நகரம். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று நம் தமிழாசிரியர்கள் மேசையைத் தட்டித் தட்டி மூன்றாகப் பிரித்துக் காட்டினார்களே, அந்த மூன்றுக்கும் சேர்த்து ஆங்கிலேயரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து அது ஒரு சொல்லின் தலையிலிருந்து கழன்று போவதும், வேறொரு சொல்லின் தலையில் போய் ஏறிக்கொள்வதுமாக இருந்திருக்கிறது. இதன் பேரில் இன்றுவரை ஒருவரும் கைதாகவில்லை. இதுவே இவ்வழக்கின் முதல் தகவல் அறிக்கை.

இப்படி ஓர் ஆய்வு தேவையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: தேவையில்லை. ஆனால் தேவையில்லாத ஆய்வுக்கு என்று சில வசதிகள் உண்டு. நிதி கேட்டு எவர் வாசலிலும் நிற்க வேண்டாம். முடிவு தவறிப்போனால் எந்தப் பாலமும் இடிந்து விழாது. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் 1914-இல் இந்தக் களவுக்கு ‘மெட்டனாலிசிஸ்’ என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் பெயர் வைத்துவிட்டால் எந்தக் குற்றத்துக்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. அதன்பின் அதைக் களவு என்று சொல்ல அறிஞர்கள் கூசுகிறார்கள். இக்கட்டுரையாளருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

சம்பவ இடம்

ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு இரண்டு வடிவங்கள். மெய்யொலிக்கு முன்னால் ‘ஏ’. உயிரொலிக்கு முன்னால் ‘ஆன்’. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரும் விதம் நமக்கெல்லாம் நினைவிருக்கும்: ‘ஏ’ தான் அசல், அடுத்து உயிர் வந்தால் நாக்கு இடறாமல் இருக்க ஒரு னகரத்தைச் சேர்த்துக்கொள். நடந்தது இதற்கு நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்கு இருந்த சொல்லே ‘ஆன்’ தான். அது அழுத்தம் பெற்ற இடத்தில் ‘ஒன்’ என்னும் எண்ணாயிற்று. அழுத்தமில்லாத இடத்தில் தேய்ந்தது. மெய்க்கு முன்னால் இன்னும் தேய்ந்து, னகரத்தையும் இழந்து, வெறும் ‘ஏ’ ஆயிற்று. ஆக, உயிருக்கு முன்னால் நிற்கும் னகரம் யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல. போகாமல் எஞ்சியது. ‘என்னுடைய’ என்பதற்கு ‘மை’, ‘மைன்’ என்ற இரண்டு வடிவங்கள் இருந்ததும் இதே கதைதான்.

தமிழருக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. ஒரு மாடு, ஓர் ஆடு. ஆனால் ‘ஓர் ஆடு’ என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அதை ‘ஓ ராடு’ என்று எந்தத் தமிழரும் பிரித்துக் கேட்கமாட்டார். தமிழர் காது கூர்மையானது என்று பெருமைப்பட இதில் எதுவும் இல்லை. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் வாசலிலேயே தடுத்து வைத்திருக்கிறார். ராமனாக இருந்தாலும் இகரத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இராமனாகத்தான் உள்ளே வர முடிந்தது. ‘ஓர்’ என்பதிலிருந்து கழன்று வரும் ரகரத்துக்கு அடுத்த சொல்லின் தலையில் உட்கார இடமில்லை. நகரத்துக்குத் தமிழில் அந்த இடம் உண்டு. ஆனால் கடைசியில் நிற்பது றன்னகரம், முதலில் நிற்பது தந்நகரம். இடம் மாறுகிறவர் வேடமும் மாற வேண்டும். ஆங்கில நகரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சொல்லின் கடைசியிலும் அதுதான், முதலிலும் அதுதான். களவுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

வாய் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. ‘அநேப்ரன்’ என்று ஓர் ஒலி வந்து விழுந்தால் அது ‘அன் ஏப்ரன்’ என்பதா, ‘அ நேப்ரன்’ என்பதா? நம் இலக்கணக்காரர்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள். ‘செம்பொன்பதின்தொடி’ என்று ஓர் எடுத்துக்காட்டு தருவார்கள் உரையாசிரியர்கள். ஒருவிதமாகப் பிரித்தால் செம்பொன் பத்துத் தொடி. இன்னொரு விதமாகப் பிரித்தால் செம்பு ஒன்பது தொடி. கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் ஆளுக்கொரு விதமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் சொல்லும் தொனியில் வேறுபாடு தெரியும் என்று தொல்காப்பியம் சமாதானம் சொல்கிறது. பிற்காலத்தார் இந்த ஆபத்தையே ஒரு கலையாக்கிப் பிரிமொழிச் சிலேடை என்று பெயரிட்டு அணியிலக்கணத்தில் சேர்த்துவிட்டார்கள். காளமேகம் இதில் பெயர் வாங்கினார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையில் இருந்த ஏடுகளில் சொல்லிடைவெளியும் இல்லை, மெய்க்குப் புள்ளியும் இல்லை. எங்கே வெட்டுவது என்பதே பாதி வேலை. தமிழில் இவ்வேலையைப் பண்டிதர்கள் செய்தார்கள். இங்கிலாந்தில் சமையல்காரரும் தச்சரும் பாம்பைக் கண்டு ஓடியவரும் செய்தார்கள்.

களவுபோன பொருள்கள்

முதல் பொருள், சமையலறையில் முன்புறமாகக் கட்டிக்கொள்ளும் துணி. இன்று ‘ஏப்ரன்’. அன்று ‘நேப்ரன்’. பழைய பிரெஞ்சில் மேசைவிரிப்புக்கு ‘நாப்’ என்று பெயர். சின்ன விரிப்பு ‘நாப்ரோன்’. அதன் பாட்டன் லத்தீனில் ‘மாப்பா’. ரோமாபுரித் தேர்ப்பந்தயங்களில் பந்தயம் தொடங்க மேலிருந்து கீழே போடும் துணியும் இந்த மாப்பாதான். உலகத்தைத் துணியில் வரைந்ததால் ‘மேப்’ என்னும் வரைபடமும் இவ்வம்சம். கை துடைக்கும் ‘நேப்கின்’ உடன்பிறப்பு. குடும்பத்தைக் கவனியுங்கள்: நேப்கின் தன் நகரத்தை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. அதே அடுக்களையில், அதே கொடியில் தொங்கிய நேப்ரன் மட்டும் பறிகொடுத்துவிட்டது. நேப்கினை யாரும் அடிக்கடி ‘ஒரு நேப்கின்’ என்று சொல்லியிருக்கமாட்டார்கள், கும்பலாகவே கேட்டிருப்பார்கள் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். இதற்கு ஆதாரம் இல்லை, எதிராகவும் இல்லை.

இரண்டாவது, பாம்பு. பிரிட்டனில் இயற்கையாக வாழும் விஷப்பாம்பு ஒன்றுதான். அதன் பெயர் ‘ஆடர்’. பழைய ஆங்கிலத்தில் ‘நாட்ரெ’. ஜெர்மானியர் இன்னும் ‘நாட்டர்’ என்கிறார்கள், வேல்ஸ்காரர்கள் ‘நைடர்’ என்கிறார்கள். லத்தீனில் ‘நாட்ரிக்ஸ்’. விலங்கியலார் இந்த லத்தீன் பெயரை எடுத்துப் புல்வெளியில் திரியும் விஷமில்லாத பாம்புக்குக் கொடுத்துவிட்டார்கள்; நம் ஊர்த் தண்ணீர்ப் பாம்பும் நெடுங்காலம் அந்தப் பேரினத்தில்தான் இருந்தது. ஆக, கடிக்காத பாம்பிடம் நகரம் பத்திரமாக இருக்கிறது. கடிக்கிற பாம்பிடமிருந்து திருடியிருக்கிறார்கள். திருடியவரின் துணிச்சலை ஆய்வுலகம் இதுவரை போதுமான அளவு பாராட்டவில்லை.

மூன்றாவது பொருளில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் இது கிரிக்கெட். ‘அம்பயர்’ என்பவர் முன்பு ‘நம்பெர்’ என்பதுபோல் ஒலித்த ஒருவர். பழைய பிரெஞ்சில் ‘நோன்பெர்’. ‘நோன்’ என்றால் இல்லை. ‘பெர்’ என்றால் இணை. இணையில்லாதவர், ஒற்றை ஆள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும்போது இரட்டைப்படையை ஒற்றைப்படையாக்கித் தீர்ப்புச் சொல்ல வரும் மூன்றாம் மனிதர் என்பது பொருள். இந்தப் பொருளை வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தால் ஆய்வாளருக்குத் தலை சுற்றுகிறது. இணையில்லாதவர் இருவர், இணையாக நிற்கிறார்கள். அது போதாதென்று 1992 நவம்பரில் டர்பனில் இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் ஆடிய டெஸ்டில் மூன்றாவது அம்பயர் என்று ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டார். அவர் கொடுத்த முதல் ரன் அவுட் நம் சச்சின் டெண்டுல்கர். சொல்லின் வரலாறு தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், அம்பயர் என்றாலே மூன்றாமவர், மூன்றாவது மூன்றாமவர் என்று ஒரு பதவி இருக்க முடியாது, ஆகவே அவுட் செல்லாது என்று வாதாடியிருக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது.

தச்சர் மரத்தில் துளை போடும் ‘ஆகர்’ என்ற திருகு கருவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நவொகார்’ என்பது பழைய பெயர்: வண்டிச் சக்கரத்தின் குடத்தைத் துளைக்கும் ஈட்டி. இதன் நகரம் டச்சு மொழியிலும் காணாமல் போயிருக்கிறது. பாம்பின் நகரமும் அங்கே அப்படியே போயிருக்கிறது. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே கைவரிசை. இரு நாட்டுக் காவல்துறையும் தகவல் பரிமாறிக்கொள்ளவில்லை.

மானின் ஈரல், இதயம், குடல் வகையறாவுக்கு ‘நம்பிள்ஸ்’ என்று பெயர் இருந்தது. நகரம் போய் ‘அம்பிள்ஸ்’ ஆயிற்று. இறைச்சித் துண்டுகள் எசமானர் மேசைக்குப் போக, மிச்சம் மாவுக்குள் வைத்து வேகவைக்கப்பட்டு ‘அம்பிள் பை’ ஆயிற்று. 1660-களில் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் இப்பண்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அதற்குள் ‘பணிவான’ என்று பொருள்படும் ‘ஹம்பிள்’ என்ற சொல், லத்தீனில் வேறு வீட்டில் பிறந்தது, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹகரத்தை விழுங்கிப் பேசும் ஆங்கிலேயர் பலருக்கு இரண்டும் ஒரே ஒலி. இன்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுத் தலைகுனிபவர் ‘ஹம்பிள் பை’ சாப்பிட்டார் என்கிறார்கள். ஒரு நகரத்தை இழந்து, ஒரு ஹகரத்தைப் பெற்று, குடல் குழம்பு ஒழுக்கமாகிவிட்டது.

மீட்கப்பட்டவை

போனது போகட்டும், வந்ததையும் சொல்ல வேண்டும். நீரிலும் நிலத்திலும் வாழும், பார்க்கப் பல்லி போலிருக்கும் சின்ன உயிர் ஒன்றுக்கு முன்பு ‘யூட்’ என்று பெயர். ‘அன் யூட்’ என்று சொல்லிச் சொல்லி அது ‘அ நியூட்’ ஆகி, 15-ஆம் நூற்றாண்டு முதல் நகரத்தோடு நடமாடுகிறது. (நியூட்டனுக்கும் இதற்கும் உறவு இல்லை. அவர் பெயர் ‘புதூர்’ என்பதற்குச் சமமான ஊர்ப்பெயர். தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் புதூரார் விதிகள் மூன்று என்று படித்திருப்போம்.) பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ முன்பு ‘ஈக்நேம்’: மேற்கொண்டு வைத்த பெயர். பட்டப்பெயர் என்றாலே ஒருவர்மேல் அவரைக் கேட்காமல் ஒட்டப்படுவது. அந்தச் சொல்லின்மேலேயே ஓர் எழுத்து கேட்காமல் ஒட்டிக்கொண்டது முறைதான்.

‘மைன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தும் சும்மா இருக்கவில்லை. ‘மைன் எட்’ என்று கொஞ்சியது ‘மை நெட்’ ஆயிற்று. எட்வர்டுகள் எல்லாரும் நெட் ஆனார்கள். ஆன் நானாகவும், எலன் நெல்லாகவும் ஆனார்கள். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனை அவனுடைய விதூஷகன் ‘நங்கிள்’ என்றே கூப்பிடுகிறான். ‘மைன் அங்கிள்’ என்பதன் மிச்சம். அரசனின் தலையை வாங்கிய ஆலிவர் கிராம்வெல்லை மக்கள் ‘ஓல்ட் நால்’ என்றார்கள். ஆலிவர் என்பதன் செல்லச் சுருக்கம் ‘ஆல்’. அதன் தலையில் ஏறிய நகரம் திருட்டுப் பொருள். முதலாம் சார்லசின் மணிமுடி 1649-இல் தலையோடு போயிற்று. கிராம்வெல் மணிமுடியை மறுத்தார். தலையில் இருந்த இந்த நகரத்தை மறுத்ததாகக் குறிப்பு இல்லை.

இவற்றையெல்லாம்விட வினோதமானது ‘நான்ஸ்’. ஒரு தடவைக்கு மட்டும் உண்டாக்கிப் பயன்படுத்தும் சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ‘நான்ஸ் சொல்’ என்பார்கள். இது ‘ஃபார் தென் ஆன்ஸ்’, அதாவது ‘அந்த ஒருமுறைக்காக’ என்ற தொடரிலிருந்து வந்தது. ‘தென்’ என்பதில் உள்ள னகரம் பழைய ஆங்கிலத்தின் வேற்றுமை உருபு. ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளை ஏறத்தாழ முழுதாக அழித்துவிட்ட மொழி. உருபு செத்தது, அதன் கடைசி எழுத்து மட்டும் பக்கத்துச் சொல்லுக்குள் புகுந்து உயிர் பிழைத்தது. இதே உருபின் புண்ணியத்தில், ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவர் ‘அட்டென் ஆஷ்’ என்றிருந்து ‘நாஷ்’ ஆனார். ஓக் மரத்தடிக்காரர் ‘நோக்ஸ்’ ஆனார். ஆலடி, அரசடி, புளியடி என்று நமக்கு இருப்பதுபோல்தான். எந்த மரத்தடி என்பதைத்தான் நகரம் மறைத்துவிட்டது.

இங்கே இக்கட்டுரையாளர் தம் கண்டுபிடிப்பை முன்வைக்கிறார். இதற்கு நகர அழிவின்மை விதி என்று பெயர். ஆங்கிலத்தில் நகரத்தை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு மாற்றத்தான் முடியும். நேப்ரன் இழந்ததை நியூட் பெற்றது. பாம்பு இழந்ததைப் பட்டப்பெயர் பெற்றது. அம்பயர் இழந்தது கிராம்வெல்லிடம் போயிருக்கலாம். விதி அழகாக இருக்கிறது. கணக்கில்தான் உதைக்கிறது: வரவு செலவைக் காட்டிலும் அதிகமாக இருக்கிறது. உபரி நகரங்கள் வெளிநாட்டிலிருந்து கடத்தி வரப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

சந்தேக நபர்

யார் செய்தது? எழுத்துத் தெரிந்தவர்கள் இல்லை. காதால் மட்டும் மொழியைப் பிடித்தவர்கள், குழந்தைகளும் வேலைக்காரர்களும் சந்தைக்கு வந்தவர்களும். அந்நாளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சொற்பம். தெரிந்தவரும் இஷ்டப்படி எழுதினார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தது. இவர்கள் வந்தபின் களவு குறைந்தது உண்மை. ஆனால் போன பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? ஏரிப்புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டவருக்குப் பட்டா கொடுப்பதுபோல, எந்தச் சொல்லிடம் எந்த எழுத்து அப்போது இருந்ததோ அதை அதன் பெயருக்கே எழுதிக்கொடுத்தார்கள். இன்று ‘நேப்ரன்’ என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போகும். 15-ஆம் நூற்றாண்டில் ‘ஏப்ரன்’ என்று உளறிய பிள்ளை ஜெயித்துவிட்டது.

குற்றவாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று பார்த்தால் அதுவே திருட்டுச் சரக்கு. ‘கல்ப்ரிட்’ என்று ஒரு சொல் முதலில் கிடையாது. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நெடுங்காலம் சட்டப் பிரெஞ்சு புழங்கிற்று. கைதி நான் குற்றவாளி இல்லை என்றதும், அரசுத் தரப்பில் ‘குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்’ என்று பதில் சொல்வார்கள். இதைக் குமாஸ்தாக்கள் ‘கல்’ என்று ஒரு சுருக்கம், ‘ப்ரிட்’ என்று ஒரு சுருக்கம் என்று குறித்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு விரிவு மறந்துபோக, இரண்டு சுருக்கத்தையும் சேர்த்துப் படித்து, அது எதிரே நிற்பவரை விளிக்கும் சொல் என்று எண்ணிக்கொண்டார்கள். 1678-இல் பெம்புரோக் பிரபு மீது நடந்த விசாரணையில் அவரை அப்படியே கூப்பிட்டும் விட்டார்கள்.

நகரத்தைத் தொட்ட கை மற்ற எழுத்துகளை விட்டுவைக்குமா? லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் ‘டூலி’ தெரு இருக்கிறது. அது ‘செயின்ட் ஓலாவ்’ தெரு. புனிதரின் பட்டத்திலிருந்து டகரம் கழன்று பெயரில் ஒட்டிக்கொண்டது. ஈலி நகரின் மடத்தை நிறுவிய அரசி எத்தல்டிரீடாவை மக்கள் ‘செயின்ட் ஆட்ரி’ என்றார்கள். 679-இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளவயதில் ஆசையாக அணிந்த கழுத்தணிகளுக்குத் தண்டனை என்று அவரே சொன்னதாகப் பீட் பாதிரியார் எழுதியிருக்கிறார். அந்தப் புனிதையின் பேரில் நடந்த சந்தையில் விற்றது என்ன தெரியுமா? கழுத்தில் கட்டும் பட்டு நாடா. அது வரவர மட்டச் சரக்காகி, ‘செயின்ட் ஆட்ரி’ என்பது ‘டாட்ரி’ ஆகி, இன்று அந்தச் சொல்லுக்குப் பகட்டான குப்பை என்று பொருள். திருடிய ஓர் எழுத்தோடு ஒரு புனிதையின் பெயரும் போயிற்று.

அண்மைக்கால வழக்குகள் இரண்டையும் தொட்டுவிட்டுப் போகலாம். ஹெலிகாப்டரில் வெட்ட வேண்டிய இடம் ‘ஹெலிகோ’ (சுருள்), ‘ப்டெர்’ (சிறகு) என்ற இரண்டுக்கும் நடுவில். 1861-இல் பிரான்சில் கிரேக்கத்தைக் கோத்துச் செய்த சொல் அது. ஆங்கிலேயர் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று வெட்டி இரண்டு துண்டையும் தனித்தனியே புழங்குகிறார்கள். ஹாம்பர்கர் என்றால் ஹாம்பர்க் ஊர்ப் பண்டம்; அதில் ‘ஹாம்’ என்னும் பன்றி இறைச்சி இருப்பதாக எண்ணி வெட்டியதில் ‘பர்கர்’ என்ற அநாதைத் துண்டு கிடைத்தது. ‘பர்க்’ என்றால் கோட்டை, ஊர். வெஜ் பர்கர் என்று கேட்பவர் சைவ ஊர்க்காரரைத்தான் தட்டில் வைக்கச் சொல்கிறார்.

நம் வீடு மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மேலே சாட்சிக் கூண்டில் ஏற்றிய ஆடே சங்க காலத்தில் ‘யாடு’. ஆறு யாறாக இருந்தது, ஆமை யாமையாக, ஆண்டு யாண்டாக இருந்தது. யகரங்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்பாரில்லை. யானை மட்டும் எழுத்தில் தன் யகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பேச்சில் அதுவும் ஆனைதான்.

வெளிநாட்டுத் தொடர்பு

பிரெஞ்சுக்காரர்கள் இத்துறையில் கைதேர்ந்தவர்கள். ஒற்றைக் கொம்புக் குதிரைக்கு லத்தீன் வழியில் ‘யூனிகோர்ன்’. அதை ‘ஊன் இகோர்ன்’, ஓர் இகோர்ன், என்று வெட்டினார்கள். பிறகு ‘அந்த’ என்னும் பொருளுக்கு ஒரு லகரத்தைச் சேர்த்து ‘லிகோர்ன்’ என்றார்கள். லகரம் சொல்லோடு பிறந்தது என்று எண்ணி, அதன்மேல் இன்னொரு முறை ‘லா’ போட்டார்கள். இல்லாத விலங்கு என்பதால் அது புகார் கொடுக்கவில்லை. அரபு மொழியில் ‘அல்’ என்பது சுட்டு. அலெக்சாண்டர் என்ற பெயரின் தலையில் இருந்த ‘அல்’ தங்களுடையதுதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் மீதி இஸ்கந்தர். அது கிழக்கே வர வர சிக்கந்தர். உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்டவர், பெயரின் முதல் அசையை இழந்து நம் பக்கம் வந்து சேர்ந்தார்.

இனி உபரி நகரத்துக்கு வருவோம். விசாரணை இங்கே தமிழ்நாட்டு அடுக்களைக்கு வருகிறது. ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல்லின் பாதையைப் பின்னோக்கிப் பிடித்தால், பழைய பிரெஞ்சு, இத்தாலி, அங்கிருந்து அரபு ‘நாரஞ்ச்’, பாரசீக ‘நாரங்’, வடமொழி ‘நாரங்க’ என்று போகிறது. வடமொழிக்கு அது திராவிட மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. மலையாளத்தார் எலுமிச்சை வகைகளை ‘நாரங்ஙா’ என்கிறார்கள். நமக்கு நாரத்தை, நார்த்தங்காய். ஸ்பெயின் ‘நரன்ஹா’ என்றும், ஹங்கேரி ‘நாரன்ச்’ என்றும், கிரேக்கம் ‘நெரான்ட்ஸி’ என்றும் நகரத்தைக் கட்டிக் காத்தன. போர்ச்சுகீசியர் அதை லகரமாக்கி ‘லரான்ஜா’ என்றார்கள். சேதாரம், ஆனால் களவில்லை. இத்தாலியில் ‘ஊனா நரான்சா’ என்று சொன்னது ‘உன் அரான்சா’ ஆயிற்று. பிரான்சில் ‘ஒர்’ என்றால் தங்கம். பழத்தின் நிறம் பார்த்து அந்த ஒகரத்தைத் தலையில் வைத்தார்கள் என்பர். இங்கிலாந்தில் இறங்கும்போது நகரம் இல்லை. மொழிக்குள் வந்தபின், 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஒரு நிறத்துக்கும் பெயராயிற்று. தெற்குப் பிரான்சில் ரோமானியர் ‘அராவ்சியோ’ என்று அழைத்த ஊர் ஒன்று தேய்ந்து தேய்ந்து இதே ஒலிக்கு வந்து சேர, அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய அரச குடும்பத்தால் டச்சுக் கால்பந்து அணியின் சட்டையும் அயர்லாந்துக் கொடியின் ஓர் ஓரமும் அந்த நிறமாயின.

விசாரணையில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஐரோப்பாவுக்கு முதலில் போனது கசக்கும் வகை. இனிக்கும் வகையைப் பின்னால் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் போர்ச்சுகீசியர். அதனால் அரபு நாடுகளிலும் ஈரானிலும் கிரேக்கத்திலும் இனிப்புப் பழத்துக்கு ‘போர்ச்சுகல்’ என்ற பெயரே வடிவம் மாறி வழங்குகிறது. நகரத்தோடு நிற்கும் பழைய பெயர் கசப்பு வகைக்கு ஒதுங்கிவிட்டது. தமிழிலும் நகரம் உள்ள நாரத்தை உப்பில் ஊற வேண்டியது. நகரம் இல்லாத ஆரஞ்சு உரித்த உடனே தின்ன வேண்டியது. நகரம் போனால் கசப்பும் போகும் என்று ஒரு துணைவிதி இதிலிருந்து கிடைக்கிறது. ஸ்பெயினில் நகரம் இருந்தும் பழம் இனிக்கிறதே என்றால், அதை இந்த ஆய்வு கண்டுகொள்ளப் போவதில்லை. நகரம் போயும் பாம்பின் விஷம் போகவில்லையே என்பதற்கும் அதே பதில்.

திராவிட வழி என்பது சரியானால் நடந்தது இதுதான். நம்மிடமிருந்து நகரத்தோடு கிளம்பிய பெயர் பாதி உலகம் சுற்றி, வழியில் பறிகொடுத்து, ஆங்கிலேயர் கப்பலில் ஆரஞ்சு என்று திரும்பி வந்தது. வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கிச்சிலி, கமலா என்று ஏற்கெனவே வைத்திருந்த பெயர்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, வந்த பெயரை விருந்தாளியாக உட்கார வைத்தோம். அடுக்களையில் ஊறுகாய் ஜாடிக்கும் பழக்கூடைக்கும் நடுவில் ஒரு முழ தூரம்; இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவை மாதிரி இருக்கின்றன.

களவுபோன நகரத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. பிரெஞ்சு, இத்தாலி அரசுகளுக்கு எழுதுமுன், கிடைத்தால் அதைப் பொருத்திக்கொள்ள மக்கள் தயாரா என்று கள ஆய்வு செய்வது முறை. தெருமுனைத் தள்ளுவண்டியில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், ஆரஞ்சுக் குவியலை நேராகக் காட்டி, “நாரஞ்சு கிலோ என்ன விலைங்க?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“நார்த்தங்காயா சார்? அது நம்மகிட்ட வராது. அந்தாண்ட காய்க்கடைல கேளுங்க,” என்றார் அவர். “இது ஆரஞ்சு. கிலோ நூத்தி இருவது. புளிக்காது சார், ஒண்ணு உரிச்சுத் தரட்டா?”